கார் எக்ஸோஸ் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? கேட்டலிஸ்ட்டை வெட்டி எடுப்பது சரியா?

செந்தூலிலிருந்து டியூக் நெடுஞ்சாலை ஏறி, கோம்பாக் வழியாகக் காராக் மேட்டில் போகிறீர்கள். எண்ணெய்யை எவ்வளவு மிதித்தாலும் கார் இழுக்கவில்லை. லாரிகள்கூட உங்களைத் தாண்டிப் போகின்றன. டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனால், ஃபோர்மேன் காருக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கேட்டலிஸ்ட் அடைச்சுக்கிச்சு. புதுசு போட்டா ஆயிரத்துக்கு மேல ஆகும். வெட்டி எடுத்துட்டு பைப்பை நேரா வெல்டு பண்ணிடலாமா? நூத்துக்கணக்குலயே முடிஞ்சிடும்."

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருக்கும் பலரும் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. பெரும்பாலோர் "சரி, வெட்டிடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். கையில் பணம் இல்லை, நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், வேறு என்ன செய்வது?

ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் உங்கள் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பு, சட்டம், மாத எண்ணெய்ச் செலவு, அக்கம்பக்கத்தார் சுவாசிக்கும் காற்று எல்லாமே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எக்ஸோஸ் குழாய்க்குள் என்ன இருக்கிறது?

வெளியே தெரியும் வால்குழாய், எக்ஸோஸ் அமைப்பின் கடைசி முனை மட்டும்தான். இன்ஜினில் எரிந்த வாயு முதலில் மேனிஃபோல்டு எனப்படும் கிளைக்குழாயில் சேர்கிறது. அங்கிருந்து கேட்டலிஸ்ட் என நம்மவர்கள் அழைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகிறது. பிறகு சத்தத்தைக் குறைக்கும் ரெசோனேட்டர், மஃப்ளர் இரண்டையும் கடந்து வெளியேறுகிறது. கேட்டலிஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சர்கள் இருக்கும்.

கேட்டலிஸ்ட்டுக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி உண்டு. அதன் நூற்றுக்கணக்கான நுண்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமதிப்புமிக்க உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். சூடேறியதும் அவை வேதிவினையைத் தூண்டி, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாகவும், எரியாத எரிபொருளை நீராவியாகவும் கரியமில வாயுவாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இது பரவலாக வரத் தொடங்கியது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பது, ஈயமில்லா பெட்ரோலுக்கு உலகம் மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம். கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் அதை நிறுத்தியது.

ஏன் அடைக்கிறது?

"கேட்டலிஸ்ட் போச்சு" என்று சொல்வது எளிது. ஆனால் கேட்டலிஸ்ட் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. வேறு எங்கோ உள்ள கோளாறுதான் அதைக் கெடுக்கிறது.

முதல் காரணம், மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறும். அது சூடான கேட்டலிஸ்ட்டுக்குள் போய் அங்கே எரியும். வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டி ஏறும். பீங்கான் தேன்கூடு உருகி, துளைகள் மூடிக்கொள்ளும். இன்ஜின் உதறுவதைப் பொருட்படுத்தாமல் வாரக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. சில நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய செலவு ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

இரண்டாவது, இன்ஜின் ஆயில் எரிவது. தேய்ந்துபோன பழைய இன்ஜின்களில் ஆயில் உள்ளே புகுந்து எரிந்து, அதன் சாம்பல் கேட்டலிஸ்ட்டில் படியும். வால்குழாயில் நீலநிறப் புகை வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஹெட் கேஸ்கெட் பழுதாகி ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போனாலும் கேட்டலிஸ்ட் பாதிக்கப்படும்.

மூன்றாவது, குறுகிய தூரப் பயணம். வீட்டிலிருந்து செந்தூல் பாசாருக்கு, பள்ளிக்கு, மீண்டும் வீட்டுக்கு என்று மட்டுமே ஓடும் காரில் எக்ஸோஸ் முழுதாகச் சூடேறாது. உள்ளே நீர் தேங்கி மஃப்ளர் துருப்பிடிக்கும். துருப்பிடித்து உதிரும் தகடும், உடைந்த பீங்கான் துண்டுகளும் மஃப்ளருக்குள் சிக்கி வழியை மறிக்கலாம். காலையில் வால்குழாயிலிருந்து சில சொட்டுத் தண்ணீர் விழுவது மட்டும் இயல்பானது. பயப்பட வேண்டாம்.

நான்காவது நமக்கு நன்றாகவே தெரிந்தது: வெள்ளம்.

வெள்ளத்தில் நின்ற கார்

2020 செப்டம்பர் 10, 2022 மார்ச் 7 ஆகிய நாள்களில் கோலாலம்பூரைத் திடீர் வெள்ளம் சூழ்ந்தது. 2021 டிசம்பர் 18, 19-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் ஏராளமான கார்கள் சேற்றில் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியேறும் வாயுவின் அழுத்தம், ஆழம் குறைந்த தண்ணீரை எக்ஸோஸுக்குள் வர விடாமல் ஓரளவு தள்ளும். இன்ஜின் நின்றதும் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கொதிக்கும் பீங்கான் மீது குளிர்ந்த நீர் பட்டால் அது விரிசல் விடலாம். தண்ணீர் வடிந்த பிறகும் சேறு மஃப்ளருக்குள் தங்கி, காய்ந்து இறுகிவிடும்.

அதனால், தண்ணீரில் நின்ற காரை "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று சாவியைத் திருகாதீர்கள். எக்ஸோஸைவிடப் பெரிய ஆபத்து, காற்று உள்ளிழுக்கும் வழியாக இன்ஜினுக்குள் போன தண்ணீர். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினே உடைந்துபோகலாம். டோ வண்டியை அழைத்து, பட்டறையில் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் எல்லாவற்றையும் பார்த்த பிறகே இயக்க வேண்டும். மஃப்ளரைக் கழற்றிச் சேற்றைக் கழுவச் சொல்லுங்கள். வெள்ளக் காப்புறுதி எடுத்திருந்தால், எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பது நல்லது.

அடைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த அறிகுறிகளில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் எக்ஸோஸைச் சந்தேகியுங்கள்:

- மேட்டில் கார் இழுக்காமல் திணறும். வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது
- ஸ்டார்ட் ஆகும், ஆனால் சிறிது நேரத்தில் நின்றுவிடும்
- அழுகிய முட்டை நாற்றம் வரும்
- காரின் அடித்தளத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகச் சூடு வரும்
- அடியில் கல் உருள்வது போன்ற கலகலப்புச் சத்தம் கேட்கும்
- எண்ணெய் சீக்கிரம் தீரும்

ஆனால் இதே அறிகுறிகள் பெட்ரோல் பம்ப் கெட்டாலும், கியர்பாக்ஸ் பழுதானாலும் வரலாம். அதனால் சோதிக்காமல் கேட்டலிஸ்ட்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரியான சோதனை பின்னழுத்தச் சோதனை. கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டுவார்கள். பொதுவாக, கார் நின்றபடி ஓடும்போது அழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ.-க்குள்ளும், இன்ஜினை 2,500 சுற்றுக்கு உயர்த்தும்போது 3 பி.எஸ்.ஐ.-க்குள்ளும் இருக்க வேண்டும். அதைவிட மிக அதிகமாக ஏறினால் வழி அடைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலைதான்.

கம்ப்யூட்டரில் பி0420 என்ற குறியீடு வந்தால் கேட்டலிஸ்ட்டின் திறன் குறைந்திருப்பதாகப் பொருள். அடைப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. சென்சர் கெட்டாலும், குழாயில் ஓட்டை விழுந்தாலும் இந்தக் குறியீடு வரும். இந்தக் குறியீட்டை மட்டும் காட்டி "மாத்தியே ஆகணும்" என்று யாராவது சொன்னால், அழுத்தச் சோதனையைக் கேளுங்கள்.

வெட்டி எடுத்தால் என்ன?

வெட்டி எடுத்ததும் கார் நன்றாக ஓடும், உண்மைதான். அடைப்பு நீங்கிவிட்டதே. ஆனால் மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோ அப்படியேதான் இருக்கும். இன்ஜின் விளக்கும் தொடர்ந்து எரியும். அதை அணைக்க சென்சரை ஏமாற்றும் துண்டு ஒன்றைச் சிலர் பொருத்துவார்கள். பிறகு உண்மையிலேயே ஒரு கோளாறு வந்தாலும் கார் உங்களுக்குச் சரியாகச் சொல்லாது.

சட்டப்படி பார்த்தால், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வாகனத்தின் அமைப்பை மாற்றுவது குற்றம். புகை அளவுக்குத் தனி விதிகள் உண்டு. பெட்ரோல், டீசல் இன்ஜின்களின் புகையைக் கட்டுப்படுத்தும் 1996-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர விதிமுறைகளைச் சுற்றுச்சூழல் துறை அமலாக்குகிறது. டீசல் வாகனங்களுக்குப் புகையடர்த்தி வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள்.

டீசல் வாகனங்களில் இன்னொரு பகுதியும் அடைக்கும். ஐரோப்பிய டீசல் கார்களிலும் புதிய ரகப் பிக்அப்கள் சிலவற்றிலும் டி.பி.எஃப். என்ற கரித்துகள் வடிகட்டி இருக்கும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. நகர நெரிசலிலேயே ஓடினால் அந்த வெப்பம் கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கையேடு சொல்கிறபடி நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் "வெட்டிடலாம்" என்பவர்கள் உண்டு. ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

உயிருக்கே ஆபத்து எப்போது?

அடைத்த எக்ஸோஸில் வெளியேற வழியில்லாத வாயு, பலவீனமான இணைப்புகள் வழியாகக் கசியும். துருப்பிடித்த குழாய், சரியாகப் பற்றாத வெல்டிங், காரின் தரையில் உள்ள ஓட்டை, மூடாத பூட் கதவு ஆகிய வழிகளில் அது காருக்குள் புகலாம். கேட்டலிஸ்ட்டை வெட்டி, அவசர அவசரமாக வெல்டு செய்த குழாயில் கசிவு இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைக்கப்படாமலே இருக்கும்.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம், தூக்கம். தூங்குபவருக்குத் தான் ஆபத்தில் இருப்பதே தெரியாது. 2020 டிசம்பரில் பட்டர்வொர்த்தில், பெட்ரோல் நிலையத்தில் நின்ற காரில் ஓய்வெடுத்த இளம்பெண்கள் மூவர் கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிரிழந்தது நாட்டையே அதிர வைத்தது.

இரவு நேர ஓட்டுநர்களும், தீபாவளிக்கு ஊர் போகிறவர்களும் கவனிக்க: இன்ஜினும் ஏ.சி.யும் ஓட, கண்ணாடிகளை மூடிக்கொண்டு காரில் தூங்காதீர்கள். களைப்பாக இருந்தால் இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுத் தூங்குங்கள். காரில் ஏறினாலே தலை வலிக்கிறது, இறங்கினால் சரியாகிறது என்று குடும்பத்தில் யாராவது சொன்னால், அன்றே எக்ஸோஸைப் பாருங்கள்.

எண்ணெய்ச் செலவுக் கணக்கு

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி தொடங்கிய பூடி95 திட்டத்தில் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு, மாதம் 300 லிட்டர் வரம்புடன் வழங்கப்பட்டது. எடுத்துக்காட்டுக்கு, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய கார் அடைப்பால் 10 கிலோமீட்டராகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுபவர் 100 லிட்டருக்குப் பதிலாக 120 லிட்டர் போட வேண்டும். அந்த விலையில் மாதம் 39 ரிங்கிட் 80 சென், ஓராண்டில் 477 ரிங்கிட் 60 சென் கூடுதல் செலவு. பழுதைத் தள்ளிப்போடுவதும் ஒரு செலவுதான் என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு பணக் கணக்கும் உண்டு. பழைய கேட்டலிஸ்ட் வெறும் இரும்புக் குப்பை அல்ல. ரோடியம் விலை 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸுக்கு 29,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. பிறகு விலை பெரிதும் இறங்கினாலும், பழைய கேட்டலிஸ்ட்டை வாங்குவதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். உலகின் பல நகரங்களில் கேட்டலிஸ்ட் திருட்டு நடப்பதும் இதனால்தான். "இலவசமா வெட்டித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், ஏன் இலவசம் என்று யோசியுங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது. அதைக் கேட்டு வாங்கலாம், அல்லது அதன் மதிப்பைக் கட்டணத்தில் கழிக்கச் சொல்லலாம்.

எண்ணெய் சுத்தமானது, கார்?

எரிபொருளைச் சுத்தமாக்குவதில் நாடு முன்னேறியிருக்கிறது. ரோன்97 பெட்ரோல் 2015 செப்டம்பரிலும், ரோன்95 பெட்ரோல் 2020 ஜனவரியிலும் யூரோ 4எம் தரத்துக்கு மாறின. பெட்ரோலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 50 பங்காகக் குறைந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் டீசல் நாடு முழுதும் யூரோ 5 தரம், அதாவது 10 பங்கு. கந்தகம் குறைந்தால் கேட்டலிஸ்ட்டும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணெய்யைக் கேட்டலிஸ்ட் இல்லாத காரில் ஊற்றினால், பலனில் பாதி புகையோடு போய்விடும்.

இங்கேதான் கொள்கையில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1994 முதல் புஸ்பாகோம் செய்துவரும் வாகனப் பரிசோதனை, வர்த்தக வாகனங்களுக்குக் காலமுறைப்படி உண்டு. மூன்று வயதைத் தாண்டிய இ-ஹெய்லிங் கார்களுக்கு ஆண்டுதோறும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கோ, பெயர் மாற்றம் போன்ற சமயங்களில் மட்டும்தான். ஒரே குடும்பத்திடம் 20 ஆண்டுகள் இருக்கும் கார், ஒரு முறைகூடப் புகைச் சோதனை இல்லாமல் ரோட் டெக்ஸைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம். இந்தியாவில் புகைச் சான்றிதழ் இல்லாமல் வண்டி ஓட்டினால் அபராதம்.

மலேசியாவும் முயன்றது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு ரோட் டெக்ஸ் புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனை என்ற திட்டம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு அதை வைத்திருப்பதில்லை. அதிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கும், டயாலிசிஸுக்கு அம்மாவை ஏற்றிச் செல்கிறவர்களுக்கும் அந்தக் கார் இல்லாவிட்டால் வாழ்க்கையே நின்றுவிடும். சோதனையில் தோற்றால் ஆயிரம் ரிங்கிட்டுக்கு எங்கே போவார்கள்? 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 வயதைத் தாண்டிய கார்களைக் கழித்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. புதுக்காருக்கு மாதத் தவணை கட்ட முடிந்தவர்களுக்கு அது உதவும். பழைய காரைப் பழுது பார்க்கவே திணறுபவர்களுக்கு உதவாது. சோதனையைக் கட்டாயமாக்குவதற்கு முன், பழுது பார்க்க ஏதாவது கைகொடுக்கும் வழி இருந்தால்தான் அது நிலைக்கும் என்பதே 2009 சொல்லும் பாடம்.

ஆனால் சோதனை இல்லாததன் விலையையும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021 இறுதியிலேயே நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடியே 30 லட்சத்தைத் தாண்டி, மக்கள் தொகையை மிஞ்சிவிட்டன. நெரிசல் நேரத்தில் ஜாலான் ஈப்போ ஓரத்து உணவுக் கடையில் வேலை செய்பவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவி, மோட்டாரில் பின்னால் வருபவர் எல்லாரும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரும் பழைய கார் வைத்திருக்கும் அதே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

ஒரு காலத்தில் ரயில் பட்டறைக்குப் பெயர்போன செந்தூலில், இயந்திரத்தை நன்கறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல ஃபோர்மேனிடம் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். இவற்றைக் கேளுங்கள்:

1. "அழுத்தச் சோதனை செஞ்சு பார்த்தீங்களா? அளவு எவ்வளவு?"

2. "அடைப்பு கேட்டலிஸ்ட்டிலயா, மஃப்ளரிலயா?" மஃப்ளர் என்றால் செலவு பல மடங்கு குறையும்.

3. "ஏன் அடைச்சது? பிளக், காயில், ஆயில் பார்த்தீங்களா?" காரணத்தைச் சரி செய்யாமல் புதிய கேட்டலிஸ்ட் போட்டால், அதுவும் சீக்கிரம் போய்விடும்.

4. "ஒரிஜினல் தவிர, இந்த மாடலுக்குப் பொருந்தும் மாற்று கேட்டலிஸ்ட் இருக்கா? வாரண்டி எவ்வளவு நாள்?" தேசியக் கார்களுக்கு விலை குறைந்த மாற்று வகைகள் கிடைக்கின்றன. தரம் மாறுபடும் என்பதால் உத்தரவாதம் முக்கியம்.

5. "கழற்றிய பழைய பாகத்தை என்கிட்ட தருவீங்களா?"

பெட்ரோல் டாங்கியில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்கள், லேசாகப் படிந்த கரிக்கு ஓரளவு உதவலாம். உருகி மூடிய பீங்கானை எந்தத் திரவமும் திறக்காது. தின்னரில் ஊறவைப்பது, கம்பியால் குத்துவது போன்ற வீட்டு வைத்தியங்கள் பூச்சையும் தேன்கூட்டையும் கெடுத்துவிடும். சூடான எக்ஸோஸ் உள்ள காருக்கு அடியில் ஜாக் மட்டும் வைத்துக்கொண்டு புகவே கூடாது.

இப்போது கையில் பணம் இல்லையென்றால், முதலில் மிஸ்ஃபயரையும் கசிவையும் சரி செய்யுங்கள். செலவு குறைவு, உயிரைக் காப்பதும் அதுதான். கேட்டலிஸ்ட்டுக்குச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கலாம். அதுவரை அதிக வேகமும் மேடான பாதைகளும் வேண்டாம். காய்ந்த புல் மீது காரை நிறுத்தவும் வேண்டாம். அடைத்த கேட்டலிஸ்ட்டின் சூடு தீப்பிடிக்க வைக்கும் அளவுக்கு ஏறலாம். கார் நின்று நின்று போகும் நிலைக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் சாலையில் எடுக்காதீர்கள்.

அடுத்த முறை இன்ஜின் விளக்கு எரிந்து, கார் லேசாக உதறும்போதே பட்டறைக்குப் போய்விடுங்கள். அன்று ஒரு ஸ்பார்க் பிளக்கோடு முடிந்துவிடும்.